ஒன்னையவா கேட்டேன்?

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்காது. போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவரைப் பற்றி இப்படி ஆரம்பிப்பது முறையில்லைதான். ஆனால் பிடித்த மாதிரி எழுத ஆரம்பித்தால் பாதி வழியிலேயே என் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரையும் எழுதப் போவதில்லை. அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் புழங்கியவர்களுக்கு மல்லிக்கடை அம்மா என்றால் போதும், ஒரு பெருமூச்சு விடுவார்கள். அது மரியாதையா எரிச்சலா என்று சொல்ல முடியாது.

கொத்தமல்லி, மிளகாய் வத்தல், பருத்திவிதை, குதிரைவாலி என்று மானாவாரிக் காட்டில் விளைவதையெல்லாம் வாங்கி விற்கிற கடை. வீட்டுக்காரர் ஊர் ஊராகக் கொள்முதலுக்குப் போய்விடுவார். தராசடியில் அந்த அம்மாதான். கட்டை குட்டையான உடம்பு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, முந்தானையில் எப்போதும் மல்லித் தூசி. பேச்சில் ஈரப்பசையே இருக்காது. எங்கள் காட்டு மல்லியை அங்கேதான் போடுவோம்.

புருஷனும் பெண்டாட்டியுமாக மூட்டை கொண்டுவருவார்கள். "இது எந்தக் காட்டு மல்லி தாயி?" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்பார். புருஷன்காரன் வாயைத் திறப்பான். "ஒன்னையவா கேட்டேன்?" என்று சட்டென்று வெட்டுவார். அவன் முகம் சுண்டிப்போகும். அந்தப் பொம்பளை சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் யோசித்துப் பதில் சொல்லும்வரை தராசில் மூட்டை ஏறாது. வியாபாரம் செய்கிற லட்சணமா இது? பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு தடவை திருச்சுழி பஸ்ஸில் அந்த அம்மா எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாயும், இருபது வயது மதிக்கத்தக்க மகளும். மகளுக்கு வாயோரம் எச்சில் வழிந்தது, பார்த்தாலே தெரியும். கண்டக்டர் தாயிடம், "இது எங்க எறங்கணும்?" என்றார். பின்னாலிருந்து அந்த அம்மாவின் சத்தம் வந்தது.

"அதுகிட்டயே கேளுங்க. வாய் இருக்குல்ல?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விளையாட்டுக்கு அந்தப் பெண்ணிடம் குனிந்து, "எங்கம்மா எறங்குற?" என்றார். அவள் திருதிருவென்று முழித்தாள். கண்டக்டர் நிமிரப் போனார். "பொறுங்கய்யா! கேட்டுட்டா பொறுக்கணும்" என்று இந்த அம்மா. அந்தப் பெண் தாயைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில், "கோயிலு" என்றாள். அந்தத் தாய் அழ ஆரம்பித்துவிட்டாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துத் தாயின் கையில் கொடுக்காமல் மகள் கையில் கொடுத்தார்.

எனக்கு அன்றைக்கே எரிச்சல்தான். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் இருந்தான், என் அண்ணன். அதைப் பஸ்ஸில் நாலு பேருக்கு நடுவே யாராவது கிளறுவது எனக்கு ஆகாது.

எங்கள் பக்கத்து வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுப்பது வழக்கம். கோயில் கொடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதிலிருந்துதான் போகும். அந்த அம்மா அதற்கு மேல் தன் பங்கிலிருந்து இன்னொரு மகமை எடுத்தார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை. எடை போட்ட ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை அதில் விழும். அது கூறு பத்தாத, அதாவது புத்தி வளராத, பிள்ளைகளுக்கு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இதைவிட மோசமாகவும் சொல்வோம். அந்த அம்மா மட்டும் அவரவர் பெயரைத்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பிள்ளைகளும் பெற்றவர்களும் கூடுவார்கள். பிள்ளைகள் என்றால் முப்பது வயதுப் பிள்ளைகளும் உண்டு. பானையில் சேர்ந்ததை விற்று முறைவைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பார். என்ன வாங்குவது என்று அந்த அம்மாவும் சொல்லமாட்டார், பெற்றவர்களையும் சொல்லவிடமாட்டார். யாருக்கு முறையோ அவர்கள்தான் சொல்ல வேண்டும். பேச வராதவர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று சாமானைப் பரத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு மணி நேரமானாலும் காத்திருப்பார். சரக்குப் போட வந்த நாங்களும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மழை இல்லாத ஒரு வருஷம். கண்மாயில் கிரிக்கெட் ஆடலாம் என்கிற அளவுக்கு வறட்சி. அன்றைக்கு முறை ஒரு விதவையின் மகளுக்கு. அந்தப் பெண் அரிசியைத் தள்ளிவிட்டு, சேலைத் துணியைத் தள்ளிவிட்டு, கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டது. தாய்க்காரி கொதித்துப்போனாள்.

"வயிறு காயுது, வளையலு கேக்குதா? அரிசியக் குடுங்கம்மா!"

"ஒன்னையவா கேட்டேன்?"

"பெத்தவ நாந்தான? சோறு போடுறவ நாந்தான?"

"நீதான். ஒன்னையும் கேப்பேன். இப்ப அவ முறை."

வளையலைப் போட்டுவிட்டு அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தது. தாய் மண்ணை வாரித் தூற்றாத குறையாக வைதாள். வைது முடியும்வரை இருந்து, அந்த அம்மா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இப்ப ஒன்னையக் கேக்குறேன். ஒனக்கு என்ன வேணும்? அவளுக்கு இல்ல, ஒனக்கு."

 அரிசி என்பாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வெகுநேரம் கழித்து, "ஒரு நா பூராம் தூங்கணும்" என்றாள். "இவ பெறந்ததுலருந்து நா முழுசாத் தூங்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காலையில் வந்து மல்லி மூட்டைகளின் மேல் படுத்துப் பொழுது சாயும்வரை தூங்கினாள். மகளை மற்றத் தாய்மார்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மாசத்துக்கு ஒரு தாய், அந்த மூட்டைகளின் மேல். அரிசியும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் அது மகளின் முறைக்கணக்கில் போகவில்லை, தனியாகப் போனது. அதில் அந்த அம்மா பிடிவாதம்.

நெசவுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, வீட்டில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் தமிழில் கேட்டால் பதிலே வராது. வீட்டில் பேசுகிற தெலுங்கில் கேட்டால்தான் தலையைத் தூக்குவான். இந்த அம்மா அதற்காகப் பக்கத்துத் தெருவில் போய் நாலு வார்த்தை பாடம் பண்ணிக்கொண்டு வந்து, "நீக்கேமி காவால?" என்று, உனக்கு என்ன வேண்டும் என்பதைத் தப்பும் தவறுமாகக் கேட்டார். அவன் சாமான் எதையும் தொடவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் பஸ் ஸ்டாண்டு இருந்த திசையைக் காட்டினான். பஸ் பார்க்க வேண்டுமாம். தினமும் பார்க்க வேண்டுமாம். ராட்டை வேண்டாமாம். அவன் தகப்பனார், "திங்கிற சோத்துக்கு அவன்தான ஒழைக்கிறான், ஒங்களுக்கு இதுல என்ன வந்துச்சு?" என்று சண்டைக்கு நின்றார். கடைசியில் காலையில் ராட்டை, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு என்று முடிவானது. அதையும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் முடித்தார். சாயங்காலங்களில் அவன் மதுரை பஸ்ஸுக்கும் தூத்துக்குடி பஸ்ஸுக்கும் கை காட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் கேட்கப் புண்ணியவதி மாதிரி இருக்கும். கிட்ட இருந்து பார்த்தால்தான் தெரியும். அன்பாக ஒரு வார்த்தை வராது. யார் கண்ணையும் துடைக்கமாட்டார். தப்பு கண்டுபிடிக்கவே பிறந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். உபகாரம் வாங்க வந்தவர்களெல்லாம் ஏதோ குற்றம் செய்துவிட்டு நிற்பது போலக் கூனிக் குறுகுவார்கள். எதற்கு இந்த வெறி என்று எனக்குப் புரியவே இல்லை. என் அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கு வெகுகாலம் கழித்துச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு ஒரே மகள், இதே மாதிரிப் பிள்ளை. பத்து வயதில் காய்ச்சலாய்க் கிடந்தபோது டாக்டர் அந்தப் பிள்ளையிடமே, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டிருக்கிறார். அது யோசிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "வயித்துலதான், மாங்கா தின்னுட்டா" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை காதில் கையை வைத்திருக்கிறது. டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. இதை என் அம்மாவிடம் சொல்லும்போதும் அந்த அம்மா அழவில்லையாம். வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னாராம்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். அப்பா நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். நான் உள்ளூர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் அம்மா, நான், என்னைவிட ஐந்து வயது மூத்த ராசு அண்ணன். பேச்சு பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். வத்தல் காயப்போட்டால் நாள் முழுக்கக் காக்கா ஓட்டுவான். தண்ணீர் எடுப்பான். தோளில் எப்போதும் ஒரு துண்டு.

அந்தத் துண்டைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அண்ணனுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால், வேண்டாம் என்றால், வாயால் சொல்லமாட்டான். துண்டை எடுத்து நாலாக மடித்து உச்சந்தலையில் வைத்துக்கொள்வான். வெளியாள் பார்த்தால் சுமை தூக்கச் சும்மாடு வைக்கிறான், எங்கோ கிளம்பிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். கதை வேறு. சின்ன வயதில் அவன் மாட்டேன் என்றால் அப்பா தலையில் நறுக்கென்று கொட்டுவார். அப்பா போனபிறகு நான் கொட்டினேன், தம்பி அண்ணனை. அதனால் மாட்டேன் என்று காட்டுவதற்கு முன்பே தலைக்குத் துணி வைக்க அவன் பழகிக்கொண்டான். இதற்குப் பெயர்தான் கூறு இல்லாதது.

அம்மா கெஞ்சியதால் இரண்டு தடவை அவனைக் கிட்டங்கிக்குக் கூட்டிப் போனேன். முதல் தடவையே அந்த அம்மா அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஒம் பேரென்ன?" என்றார். "ராசு" என்றேன் நான்.

"ஒன்னையவா கேட்டேன்? வாத்தியாருங்கிற. ஒம் பள்ளிக்கூடத்துல கேள்வி கேட்டா பிள்ளைக சொல்லுமா, பிள்ளையோட தம்பி வந்து சொல்லுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அண்ணன் வெகுநேரம் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ராசு" என்றான். வேற்று ஆளிடம் அவன் தன் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டு தடவையும் வத்தல் குவியலுக்குப் பக்கத்தில் சந்தோஷமாக உட்கார்ந்து காம்பு கிள்ளினான். அங்கே ஒரு தடவைகூடத் துண்டு தலைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் நான் கூட்டிப் போகவில்லை. அம்மா மட்டும் போய்வந்தாள். எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

திருச்சுழியில் ஒரு இடம் அமைந்தது. நல்ல குடும்பம், பெண் எட்டாவது வரை படித்தவள். தரகர் வந்து சுற்றிவளைக்காமல் சொன்னார். "வாத்தியாரு வேலை, காடு கரை எல்லாம் அவுகளுக்குத் திருப்தி. வீட்ல ஒரு கூறு கெட்டவன் இருக்கானாமேன்னு காதுல விழுந்தா பொண்ணு தரமாட்டாக. நா ஒத்த மகன்னு சொல்லி வச்சிருக்கேன். பாத்துக்கிருங்க." மேற்கே மலையடிவாரத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருக்கிறது, சோற்றுக்குக் குறையிருக்காது என்றும் அவரே சொன்னார்.

அம்மாவிடம் மூன்று நாள் பேசினேன். கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். எனக்கு வயது இருபத்தெட்டு. அண்ணனால் இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. அம்மா கடைசியில் ஒன்று சொன்னாள். "மல்லிக்கடைக்காரம்மா வந்து அவன்ட்டக் கேக்கட்டும். அவன் சரின்னா அனுப்பிருவோம்."

ஒரு சனிக்கிழமை பகல் பஸ்ஸில் அந்த அம்மா வந்தார். அவ்வளவு வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. விடுதியைப் பற்றி என்னிடம் துருவித் துருவி விசாரித்தார். பிறகு அண்ணன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவனுடைய தகரப்பெட்டியை ஒரு பக்கம் வைத்தார், அவன் சாப்பிடுகிற தட்டை இன்னொரு பக்கம் வைத்தார்.

"ராசு, தம்பி ஒன்னைய வேற ஊருக்கு அனுப்பணும்ங்கிறான். பஸ்ஸுல போகணும். அங்கனயே இருக்கணும். அம்மா வரமாட்டா. காக்கா ஓட்ட வேண்டாம். போனா பெட்டியத் தொடு. இங்கனயே இருந்தா தட்டத் தொடு. போறியா, இருக்கியா?"

அண்ணன் பெட்டியையும் தொடவில்லை, தட்டையும் தொடவில்லை. அவரையும் பார்த்தான், பெட்டியையும் பார்த்தான். காலண்டர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த அம்மா அசையவில்லை.  அண்ணன் மெல்லத் தோளிலிருந்து துண்டை உருவினான். மடித்தான். மறுபடி மடித்தான். உச்சந்தலையில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான்.

அந்த அம்மாவின் நெற்றி சுருங்கியது. கிட்டங்கியில் இதை அவர் பார்த்ததில்லை. நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்த மனசுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று இன்றைக்குவரை தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். மற்றவர்களை வாய் திறக்கவிடாத அந்த அம்மா, அதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்? ஒன்னையத்தான் கேக்குறேன்."

"சும்மாடு வச்சிட்டான்" என்றேன். "பெட்டியத் தூக்கக் கெளம்பிட்டான். போறேங்கிறான்."

அடுப்பங்கரை நிலையில் அம்மா நின்றாள். அவளுக்கு அந்தத் துண்டின் அர்த்தம் என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா அண்ணனிடம் மறுபடி ஒரு தடவை, "போறியா ராசு?" என்றார். அவன் தலையில் துண்டோடு அப்படியே இருந்தான். பதில்தான் சொல்லியாகிவிட்டதே, இன்னும் ஏன் கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பான். அவர் எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு, "அவன் சொல்லிட்டான். அப்புறம் நான் யாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த வாரம் அண்ணனை நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் துண்டு அவன் தலையில்தான் இருந்தது. பஸ்ஸில் ஒருவர், "தம்பி எந்த ஊருல லோடு எறக்கப் போறீக?" என்று கேட்டார்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன், அவுகளே கேட்டு முடிவு பண்ணினதுதானே என்று. எனக்கே ஆறுதல் வேண்டியிருந்தது. அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்காமல், "அவுக என்னையக் கேக்கலயே" என்றாள். பிறகு, "கேட்டிருந்தா ஒனக்காகப் பொய்தான் சொல்லிருப்பேனோ என்னமோ" என்றாள். அன்றிலிருந்து நான் சாப்பிடுகிற நேரத்தில் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மல்லிக்கடை அம்மாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. என் மனைவி அதிகம் பேசாதவள். சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பழைய சட்டையைக் காட்டி, இது யாருடையது என்று ஒருநாள் கேட்டாள். பழசு என்றேன். அவள் துவைத்து மடித்து வைத்துவிட்டாள்.

ஆறேழு மாசம் போயிருக்கும். தை முடிந்து வத்தல் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. அந்த அம்மா. பின்னால் அண்ணன். பாதியாகிவிட்டிருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தோளில் துண்டு இருந்தது, புதுத் துண்டு.

திண்டாடிப்போய், "வாங்க" என்றேன். அந்த அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நிலைக்கு வந்து நின்ற என் அம்மாவிடம்தான் சொன்னார்.

"பாத்துட்டு வருவோம்னு போனேன். முத்தத்துல உக்காந்திருந்தான். சட்டையக் கழத்தி மடிச்சுத் தலையில வச்சிருந்தான். துண்டப் புடுங்கிட்டாகளாம். அங்க இருக்கவகள்ட்டக் கேட்டேன். குளிக்கக் கூப்புட்டா இப்படி, படுக்கக் கூப்புட்டா இப்படி, வந்த நாள்லருந்து இப்படித்தாங்கிறாக. எனக்கு வெளங்கிருச்சு."

 நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வழக்கமான அந்த வார்த்தை வந்து விழும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் தேவலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ராசு, இது ஒன் வீடு. இங்க இருக்கியா? இல்ல, எங்கூடக் கடைக்கு வாரியா? வத்தல் கெடக்கு."

அண்ணன் வீட்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். துண்டை எடுத்தான். நாலாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

இந்தத் தடவை அந்த அம்மா யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. "சரி" என்றார். அம்மாவிடம், "இப்ப ஒன்னையக் கேக்குறேன். அன்னைக்கே கேட்டிருக்கணும். தப்பு எம்பேர்ல. நீ இருக்கியா, வாரியா?" என்றார். அம்மா உள்ளே போய் இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "அடுப்புல சோறு கொதிக்குது, எறக்கச் சொல்லு" என்றாள். மூன்று பேரும் பஸ் நிற்கிற புளியமரத்துக்கு நடந்தார்கள்.

என் மனைவி செம்பில் தண்ணீரோடு எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது.

"யாரு அது?"

"எங்க அண்ணன்."

 அவள், "தண்ணி குடிக்காமப் போறாக" என்று சொல்லிவிட்டுச் செம்போடு வெயிலில் ஓடினாள். வாசலிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவள் அம்மாவிடமோ அந்த அம்மாவிடமோ போகவில்லை. நேரே அண்ணன் முன்னால் போய் நின்று ஏதோ கேட்டாள். செம்பை நீட்டவில்லை, கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அண்ணன் கொஞ்சம் பொறுத்துத் தலையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டான். செம்பை வாங்கிக் கடகடவென்று குடித்தான். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

பஸ் வந்து போனபிறகு அவள் வெறும் செம்போடு திரும்பினாள். முந்தானையெல்லாம் புழுதி.

"எங்கப்பாட்டச் சொல்லாட்டிப் போகுது. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? கூட ஒரு பிடி அரிசி போடுறதுக்கு நா என்ன வேண்டாம்னா சொல்லிருப்பேன்?"

கேட்டது என்னைத்தான். பதில் சொல்ல அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. உள்ளே சோறு தீய்ந்து வாடை வந்துகொண்டிருந்தது.